ஈரத்துண்டும் மஞ்சள் விளக்கும்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு 64 வயது. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா 1966ல் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இன்றும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவாமிமலை வரை ஓட்டிப் போய்விட்டு வருவேன்.

போன வருடம் மகன் ஒரு புது எஸ்யூவி வாங்கிக் கொடுத்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏசி, கேமரா, தானாகவே பிரேக் பிடிப்பது என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் ஓட்டி முடித்து இறங்கினால், நான் ஓட்டினேன் என்ற நினைப்பே வருவதில்லை. இதற்கு நடுவில் கோவையில் இருந்து ஒருவர் ஹெரால்டை நல்ல விலைக்குக் கேட்கிறார். மகன் கொடுத்துவிடச் சொல்கிறான், பேத்தியை அதில் ஏற்றக்கூடாது என்று கண்டிப்பும் போட்டிருக்கிறான்.

நீங்கள் முன்பு உங்கள் மாமாவின் டாக்சியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். பழைய கார்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தனவா, இல்லை எனக்கு வயதாகிவிட்டதா?

ரா., கும்பகோணம்

*

அன்புள்ள ரா.,

இரண்டும்தான் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஹெரால்டு என்று எழுதிவிட்டீர்கள், அதனால் நீளும்.

முதலில் மாமா. திண்டுக்கல்லில் டாக்சி ஸ்டாண்டில் அவருடைய அம்பாசடர் நின்றது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கோடை விடுமுறையில் கொடைக்கானல் சவாரி கிடைத்தால் ‘க்ளீனர்’ என்ற பதவி கொடுத்து என்னையும் கூட்டிப் போவார். முன்சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளம், கியரும் ஸ்டீரிங்கோடு இருக்கும், அதனால் நடுவில் ஒரு பொடியன் உட்காரத் தாராளமாக இடம் உண்டு. வத்தலக்குண்டு வெயிலைக் குடித்துவிட்டு மலை ஏறும் வண்டி, டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் இருமும். இரண்டு தரம் குலுங்கி நின்றுவிடும். சவாரி வந்தவர்கள் முகம் தொங்கிப்போகும். மாமா அலட்டிக்கொள்ளவே மாட்டார். பானெட்டைத் தூக்குவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து கேன் தண்ணீரில் நனைப்பார். எஞ்சினின் விலாவில் தேங்காய்மூடி அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றின்மேல் அதைச் சுற்றுவார். துண்டில் இருந்து ஆவி கிளம்பும். அப்புறம் பத்தடி தள்ளிப் போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒரு பீடி. பீடி முடிந்ததும் வந்து சாவியைத் திருகினால் வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

அந்தத் தேங்காய்மூடிக்கு ஏசி பம்ப் என்று பெயர். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் பெயரெழுத்துகள் அவருடைய கம்பெனி வழியாக நம் பட்டறைகள் வரை வந்து ஒட்டிக்கொண்டன. பின்னால் டேங்கில் இருக்கும் பெட்ரோலை உறிஞ்சி, அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டருக்குத் தள்ளுவது அதன் வேலை. எஞ்சின் மேலேயே முடுக்கியிருப்பதால் ஏற்றத்தில் எஞ்சினோடு சேர்ந்து சுடும். உள்ளே பெட்ரோல் கொதித்துக் குமிழியாகிவிடும். குமிழியை அந்தப் பம்பால் தள்ள முடியாது. ஈரத்துணி போட்டால் குமிழி மறுபடி திரவமாகும். இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் முங்கி இருக்கிறது, அங்கிருந்தே அழுத்தத்தோடு முன்னால் தள்ளுகிறது. அதனால் இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது என் கதை. மூன்று வருடம் முன்பு ஒரு ராத்திரி, விழுப்புரம் தாண்டியதும் என் காரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் வேகமெடுக்க மறுத்தது. சத்தம் மாறவில்லை, நாற்றம் இல்லை, புகை இல்லை. காருக்கு என்ன என்று காருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. ரோட்டோரப் பட்டறைக்காரர் ஒருவர் எழுந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிந்தது. “சார், இதுல நான் கை வச்சா நாளைக்கு வாரண்டி இல்லைன்னு சொல்லிடுவாங்க. நீங்க கம்பெனிக்கே சொல்லிடுங்க” என்றார். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்துக் காரணம் சொன்னார்கள்: எலி ஒரு வயரைக் கடித்திருக்கிறது. மாமா காலத்திலும் எலி இருந்தது, கடிக்கத்தான் அவ்வளவு வயர் இல்லை.

ஆனால் கணக்கு என்று ஒன்று உண்டே. என் கார் ஏழு வருடத்தில் நடுரோட்டில் நின்றது அந்த ஒரு தடவை. மாமாவின் கார் ஒவ்வொரு சித்திரை வைகாசியிலும் மலையில் நின்றது. அதை ஒரு பழுதாகவே நாங்கள் எண்ணவில்லை, டீக்கு நிறுத்துகிற மாதிரிதான்.

அந்தக் காலத்து வண்டிதான் உழைக்கும் என்கிறார்கள். இதில் பாதி நம் ஞாபகத்தின் தயவு. அம்பாசடர் ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை உத்தரபாராவில் தயாரானது என்றால், ஜனங்கள் காதலித்தார்கள் என்பதால் மட்டும் அல்ல. அரசு லைசென்ஸ் இல்லாமல் யாரும் கார் செய்யமுடியாத அந்தக் காலத்தில் வேறு கார் வாங்க வழியில்லை, அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியை யார் தூக்கிப் போடுவார்கள்? தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்றி, கிரீஸ் அடித்து, டிங்கரிங் பார்த்து ஓட்டினார்கள். லட்சம் கிலோமீட்டருக்குள் எஞ்சினைப் பிரிக்காத அம்பாசடர் எங்கள் ஸ்டாண்டில் ஒன்றுகூடக் கிடையாது. இன்று லட்சம் கிலோமீட்டர் என்பது ஒரு டயர் செட்டும் கொஞ்சம் ஆயிலும் போட்டுக் கடந்துபோகிற எண். உழைத்தது வண்டி மட்டும் இல்லை, மேஸ்திரியும் சேர்ந்துதான்.

சரி, உங்கள் ஹெரால்டுக்கு வருகிறேன். இதை ஆசையோடு எழுதுகிறேன், ஏனென்றால் பழைய காரின் ருசி என்ன என்று கேட்டால் நான் காட்டுகிற முதல் வண்டி அதுதான். இங்கிலாந்தில் 1959ல் வெளிவந்தது, மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். 1961ல் இருந்து நம் பெருங்களத்தூர் ஆலையில் செய்தார்கள். தாம்பரம் தாண்டி ரயிலில் போனவர்களுக்கு அந்த ஆலை தெரிந்திருக்கும். அந்தக் காரை ஏன் துண்டுதுண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் காரர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். முழு பாடியை ஒரே கூடாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் தனியாக ஒரு சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அதன்மேல் துண்டுகளாக பாடி. கஷ்டத்தில் எடுத்த முடிவு, ஆனால் கப்பலில் ஏற்றி வேறு ஊரில் பூட்டுவதற்கு அதைவிட வசதி இல்லை. சென்னைக்கு அது வாய்த்ததில் அதற்கும் பங்குண்டு. கதவு கொஞ்சம் கடகடக்கிறது என்றால் அதற்கும் அதுவே காரணம்.

பானெட்டைத் திறப்பதுதான் உச்சம். இரண்டு பக்கமும் கொக்கியைத் தள்ளிவிட்டு இழுத்தால் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து காரின் முன்பாதியே முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, அரிவாள்மனையில் காய் நறுக்குகிற மாதிரி வேலை பார்க்கலாம். 948 சிசி எஞ்சின், சுற்றிலும் கை போகும் இடம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், அந்த மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் பாயிண்ட் கண்ணுக்குத் தெரியும். உப்புத்தாளால் இரண்டு தேய். இடைவெளி பார்க்க கேஜ் இல்லையா, தீப்பெட்டி அட்டையைச் செருகிப் பார். எந்தச் சாமான் எதை இழுக்கிறது, எது எங்கே போகிறது என்பதைப் பத்து வயதுப் பையன் விரலால் தொட்டுத் தொடர்ந்து போய்விடலாம். இதைத்தான் நீங்கள் புதுக் காரில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹெரால்டை ஓட்டும்போது, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்று நீங்கள்தான் காதால் முடிவு செய்கிறீர்கள். எஸ்யூவியில் அந்த முடிவை நீங்கள் பொத்தானை அழுத்தும் நேரத்துக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் எடுத்து முடித்துவிடுகிறது. உங்களைவிடச் சரியாக, குறைந்த புகையில். உங்களுக்கு வேலை இல்லை.

இன்னொன்று கண்ணாடி. ஹெரால்டில் கண்ணாடிகளுக்கு நடுவில் கூரையைத் தாங்கும் தூண்கள் மூங்கில் கம்பு போல மெல்லிசு. உட்கார்ந்தால் நாலு பக்கமும் தெரு தெரியும். வண்டி திரும்ப ஏழரை மீட்டர் வட்டம் போதும், கும்பகோணம் சந்துகளுக்கு என்றே செய்த மாதிரி. இன்றைய தூண்களை யானைக்கால் ஆக்கியது டிசைனரின் ரசனைக்குறைவு இல்லை. கார் உருண்டால் கூரை நசுங்கக்கூடாது. சில கார்களில் பக்கத்து ஏர்பேக்கும் அங்கேதான் மடிந்திருக்கிறது. தூணால் மறைந்த தெருவைக் காட்டத்தான் கேமரா வந்தது.

இதிலிருந்தே உங்கள் மகனிடம் போகிறேன். பேத்தி விஷயத்தில் அவர் பக்கம்தான் நான், கொஞ்சமும் தயக்கம் இல்லாமல். ‘பழைய கார் இரும்பு, புதுக் கார் தகரம்’ என்று டீக்கடையில் சொல்லாத ஆள் இல்லை. 2009ல் அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் இதைச் சோதித்தே காட்டியது. 1959ஆம் வருடத்து செவர்லே பெல் ஏர் ஒன்று, 2009ஆம் வருடத்து செவர்லே மாலிபு ஒன்று. ஒவ்வொன்றும் 64 கிலோமீட்டர் வேகத்தில், நேருக்கு நேர், ஓட்டுநர் பக்கம் மோதுகிற மாதிரி. அந்த வீடியோ இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் அறையே மடிந்துபோய், ஓட்டுநருக்குப் பதிலாக உட்காரவைத்த பொம்மையின்மேல் ஸ்டீரிங் வந்து நிற்கிறது. மாலிபுவில் முன்பக்கம் அப்பளம், அறை அப்படியே இருக்கிறது. பொம்மைக்குக் காலில் லேசான அடி. புதுக் காரின் மூக்கு நொறுங்கவேண்டும் என்றே செய்யப்படுகிறது, மோதலின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். பழைய காரில் அப்படி வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் அந்த வேகம் அறைக்கும் நம் நெஞ்சுக்கும் வந்துவிடும். உங்கள் ஹெரால்டில் பெல்ட்கூட இருந்திருக்காது. நீங்கள் சுவாமிமலைக்கு நாற்பதில் போங்கள், அது உங்கள் உயிர். குழந்தைக்கு எஸ்யூவிதான்.

புதுக் கார்காரர்களும் எல்லாவற்றிலும் சரி என்று சொல்லமாட்டேன். ஏசியைக் குறைக்க டச் ஸ்கிரீனில் மூன்று இடத்தில் தட்டச் சொல்வதை எந்த முட்டாள் யோசித்தான் தெரியவில்லை. ஐரோப்பாவில் கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் 2026 முதல், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குக் கையால் அழுத்தும் நிஜமான பொத்தான் இல்லை என்றால் முழு மதிப்பெண் இல்லை என்கிறது. உங்கள் அப்பா கேட்டால் சிரிப்பார்.

கடைசியில் விற்பதா வேண்டாமா. அதை நான் சொல்லக்கூடாது, ஆனால் வைத்துக்கொள்வது என்றால் சில வேலை உண்டு. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. பெட்ரோல் ஹோஸ்களையும் ஏசி பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் அதைத் தாங்குகிற வகையாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் டேங்கை நிரப்பி நிறுத்தி வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் துருவேறும். 2021ல் வந்த விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அந்தப் பதிவில் கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். வாராவாரம் சுவாமிமலை அதில் வராது.

வளைவில் திரும்பும்போது ஆக்சிலேட்டரில் இருந்து சட்டென்று காலை எடுக்காதீர்கள். பின்சக்கரம் உள்ளே மடங்கும் சுபாவம் அதற்கு உண்டு. பிற்பாடு கஸல் என்ற பெயரில் வந்தபோது, இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் நேர் ஆக்சிலாக மாற்றிவிட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், முன்சக்கரம் இடம் வலம் திரும்புவதற்குக் கீழே இருக்கும் ட்ரன்னியன் என்ற மூட்டு. அதற்குப் போடவேண்டியது கிரீஸ் இல்லை, கியர் ஆயில், 90 நம்பர். எண்ணெய் ஏற்றும் வாயான நிப்பிளைப் பார்த்ததும் எல்லா மெக்கானிக்கும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார். கிரீஸ் மரையில் சரியாக இறங்காது, உள்ளே தண்ணீர் புகுந்து அரித்து, ஒருநாள் திரும்பும்போது சக்கரம் படுத்துவிடும்.

கோவைக்காரர் வந்தால் விலை பேசுவதற்கு முன்னால் ட்ரன்னியனுக்கு என்ன ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். கிரீஸ் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆயில் என்று சொன்னால் யோசிக்கலாம்.

வண்டியின் ஃபோட்டோ ஒன்று அனுப்புங்கள். பானெட் திறந்தபடி.