டொமைன் மிரட்டல் மின்னஞ்சல்: பணம் கட்டும் முன் பதிவில் யார் பெயர் என்று பாருங்கள்

கேள்வி: நானும் என் தங்கையும் ஐந்து வருடமாகத் தோல் பைகள் செய்து எங்கள் பிராண்ட் பெயரில் இணையத்தில் விற்கிறோம். இரண்டு வாரம் முன்பு, வெளிநாட்டுப் ‘பதிவு மையம்’ ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் பெயரை டாட் சிஎன், டாட் ஏசியா, டாட் ஹெச்கே ஆகியவற்றிலும் ‘இன்டர்நெட் கீவேர்டு’ ஆகவும் பதிவு செய்ய வேறொரு கம்பெனி விண்ணப்பித்திருக்கிறதாம். ஏழு நாளுக்குள் நாங்கள் ஆட்சேபிக்காவிட்டால் கொடுத்துவிடுவார்களாம். ‘கொடுக்காதீர்கள்’ என்று பதில் போட்டேன். மறுநாளே அந்தக் கம்பெனிக்காரர் ‘விட்டுக்கொடுக்க மாட்டோம்’ என்று எழுதினார். இப்போது ஐந்து பெயர்களுக்குப் பத்து வருடக் கட்டணம் கேட்கிறார்கள். இதற்கிடையில், கணக்குப் பார்க்கும் தம்பி ‘டொமைன் எக்ஸ்பிரேஷன் நோட்டீஸ்’ என்று வந்த தாளுக்குக் கார்டில் பணம் கட்டிவிட்டார். எங்கள் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறிய டாட் நெட் தளம் ஒன்றும் முளைத்திருக்கிறது. எங்கள் டாட் காம் பெயரை வாங்கிக் கொடுத்தவர் தளத்தை வடிவமைத்தவர். பெயர் கைவிட்டுப் போய்விடுமா?

பதில்: அந்தப் ‘பதிவு மைய’த்துக்குப் பணம் கட்டாதீர்கள், இனி பதிலும் போடாதீர்கள். ஒருமுறை பதில் எழுதியதால் சட்டப்படி எந்தப் பொறுப்பும் உங்கள் தலையில் ஏறவில்லை. இந்த முகவரியில் கவலைப்படுகிற ஆள் இருக்கிறார் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் இரண்டாவது கடிதம் வந்ததற்கு அதுவே காரணம். இரண்டையும் எழுதிய கை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

டொமைன் பதிவில் முந்தியவருக்கே பெயர். காலியாக இருக்கும் பெயரை யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். விண்ணப்பத்தை நிறுத்திவைத்து, பிராண்ட் உரிமையாளரைத் தேடிப்பிடித்து, ஏழு நாள் அவகாசம் கொடுக்கும் கடமை எந்த ரெஜிஸ்ட்ராருக்கும் (டொமைன் பெயர்களைப் பதிந்து தரும் நிறுவனம்) கிடையாது. நிஜமாகவே ஒரு கம்பெனி உங்கள் பெயரை டாட் ஏசியாவில் கேட்டிருந்தால், மின்னஞ்சல் உங்களுக்கு வருவதற்கு முன்பே வாங்கி முடித்திருக்கும். ஓரளவு ஒத்த ஏற்பாடு ஒன்றே ஒன்று உண்டு: 2013 முதல் செயல்படும் டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ். புதிய டொமைன் முடிவுகளில் (பெயரில் கடைசி டாட்டுக்குப் பின் வரும் பகுதி) உங்கள் பெயரை யாராவது வாங்கினால் அது தகவல் தரும். ஆனால் உங்கள் டிரேட்மார்க்கை நீங்களே அங்கே பதிந்து வைத்திருந்தால்தான் தரும். கட்டணம் கேட்டு மிரட்டாது. ‘இன்டர்நெட் கீவேர்டு’ என்று டொமைன் அமைப்பில் எதுவுமே இல்லை.

சந்தேகம் தீரவில்லையென்றால் அந்த ஐந்து பெயர்களையும் உங்கள் ரெஜிஸ்ட்ரார் தளத்திலேயே தேடிப் பாருங்கள். கெடு முடிந்த பிறகும் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். அந்தச் சந்தைகளில் விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்றிரண்டை வழக்கமான விலைக்கு நீங்களே வாங்கலாம். அவர்களிடம் வாங்கினால் பல மடங்கு விலை போவதோடு, பெயர் அவர்கள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, தம்பி கட்டிய பணம். அந்தத் தாளை எடுத்து, அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். இந்த நோட்டீஸ்கள் இரண்டு வகை. ஒன்று, தேடுபொறிகளில் உங்கள் தளத்தைச் சேர்ப்பதாகச் சொல்லும் ஒன்றுக்கும் உதவாத சேவை. ‘இது பில் அல்ல, ஒரு சலுகை’ என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கும். இன்னொன்று, ரினியூவல் போலத் தோற்றம் காட்டி உங்கள் டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிக்கொள்ளும் ஒப்புதல். பழைய தந்திரம்தான். இப்படி நோட்டீஸ் அனுப்பிய ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003-லேயே வழக்குத் தொடுத்தது. இருந்தும் இன்றுவரை வந்துகொண்டுதான் இருக்கிறது.

தம்பி பணம் மட்டும் கட்டினாரா, ஆத் கோடும் (டொமைனை மாற்ற உதவும் ரகசியக் குறியீடு) கொடுத்தாரா என்று உடனே கேளுங்கள். டாட் காம் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் லாக்கை, அதாவது மாற்றத்தைத் தடுக்கும் பூட்டைத், திறக்க வேண்டும், அந்த ரகசியக் குறியீட்டையும் கொடுக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால் பெயர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. போனது பணம் மட்டுமே. கார்டு வழங்கிய வங்கியிடம் இன்றே எழுத்துமூலம் மறுப்புத் தெரிவியுங்கள். நோட்டீஸின் இரு பக்கத்தையும் உறையையும் பத்திரப்படுத்துங்கள். குறியீடு போயிருந்தால், உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் லுக்கப் பக்கத்தில் (பதிவு விவரம் காட்டும் பக்கம்) உங்கள் டொமைனைப் போட்டு ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்கள். ‘பெண்டிங் டிரான்ஸ்ஃபர்’ (மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது) என்று இருந்தால் கையில் இருப்பது ஐந்தே நாள். அதற்குள் பழைய ரெஜிஸ்ட்ராரிடம் ‘எங்களுக்குச் சம்மதமில்லை’ என்று சொல்லிவிட வேண்டும். யாரும் பேசாமல் இருந்தால் மாற்றம் தானாக நடந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது கடைசியில் போகிற போக்கில் நீங்கள் சொன்ன விஷயம். டாட் காம் யார் பெயரில் இருக்கிறது? பணம் நீங்கள் கொடுத்திருக்கலாம், ஐந்து வருடம் வியாபாரமும் நீங்கள் செய்திருக்கலாம். ஆனால் பதிவில் ‘ரெஜிஸ்ட்ரன்ட்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் ரெஜிஸ்ட்ரார் உரிமையாளராக நடத்தும். மிரட்டல் மின்னஞ்சலால் உங்கள் பெயரைப் பறிக்க முடியாது. வடிவமைப்பாளர் தொழிலை விட்டுப் போனாலோ, உங்களோடு மனஸ்தாபம் வந்தாலோ, அவருடைய கார்டு காலாவதியானாலோ பெயர் போய்விடக்கூடும்.

2018-க்குப் பிறகு லுக்கப் பக்கத்தில் உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அதனால் ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும். வடிவமைப்பாளரிடம் நல்லவிதமாகவே கேளுங்கள். பலரும் வசதிக்காகத் தங்கள் கணக்கில் வாங்கி வைத்திருப்பார்கள், கெட்ட எண்ணம் இருக்காது. மின்னஞ்சலில் இப்படி எழுதினால் போதும்: ‘இந்த டொமைன் எங்கள் நிறுவனத்துக்காக, எங்கள் செலவில், உங்களால் பதிவு செய்யப்பட்டது. ரெஜிஸ்ட்ரன்ட் பெயரை எங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, அதே ரெஜிஸ்ட்ராரில் நாங்கள் திறந்திருக்கும் கணக்குக்குத் தள்ளிவிடுங்கள். செய்து முடித்ததும் பதில் போடுங்கள்.’ அவர் ‘சரி’ என்று எழுதும் ஒற்றை வரிகூட பின்னால் ஆதாரம். அதே ரெஜிஸ்ட்ராருக்குள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரெஜிஸ்ட்ரன்ட் பெயரை மாற்றினால் வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போக 60 நாள் தடை விழக்கூடும். கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவதற்கு அந்தத் தொல்லை பொதுவாக இராது.

அவர் மறுத்தால் விஷயம் ஒப்பந்தத் தகராறாகிவிடும். பில், வங்கி விவரம், பழைய மின்னஞ்சல்கள் ஆகியவற்றோடு உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கணக்கு கைக்கு வந்ததும் முதலில் தொடர்பு மின்னஞ்சலைப் பாருங்கள். அது உங்கள் டொமைனிலேயே இயங்கும் முகவரியாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த முகவரியும் செத்துவிடும். பாஸ்வேர்டை மீட்கும் கடிதம்கூட உங்களுக்கு வந்து சேராது. வெளியே ஒரு முகவரி கொடுங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், டிரான்ஸ்ஃபர் லாக் பூட்டியிருக்கட்டும், தானியங்கி ரினியூவல் இருக்கட்டும். ரெஜிஸ்ட்ரார் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. தேதி தவறினால் சலுகை நாட்கள் ரெஜிஸ்ட்ராருக்கு ரெஜிஸ்ட்ரார் வேறுபடும். பெயர் நீக்கப்பட்ட பிறகு 30 நாள் வரை கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன்பின் ஐந்து நாள் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆறாவது நாள் பெயர் பொதுச்சந்தைக்கு வந்துவிடும். சில ரெஜிஸ்ட்ரார்கள் நீக்குவதற்கு முன்பே ஏலம் விடுவார்கள் என்பதால் அந்த 30 நாளை நம்பி இருக்காதீர்கள்.

இனி அந்த டாட் நெட். அதன் உரிமையாளருக்கு நீங்களாக எழுத வேண்டாம். ‘என்ன விலை?’ என்று முதலில் நீங்கள் கேட்டுவிட்டால், அவர் விற்பதற்காகவே வாங்கினார் என்ற வாதத்தின் பலம் குறைந்துவிடும். முதலில் அந்தத் தளம் என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் படங்களையும் லோகோவையும் போட்டு ஆர்டர் வாங்குகிறதா, உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்புகிறதா? முழு முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாடிக்கையாளருக்கு வந்த போலி மின்னஞ்சலை ஹெடரோடு (எங்கிருந்து வந்தது என்று காட்டும் தலைப்பு விவரம்) வாங்கி வையுங்கள். ஃபிஷிங் (உங்களைப் போல நடித்து ஏமாற்றுவது) என்றால் அந்த ரெஜிஸ்ட்ராரின் அப்யூஸ் முகவரிக்கும் (முறைகேட்டுப் புகார் முகவரி) தளத்தை ஹோஸ்ட் செய்பவருக்கும் ஆதாரத்தோடு புகார் அனுப்புங்கள். ஏப்ரல் 2024 முதல், தகுந்த ஆதாரம் கிடைத்தால் ரெஜிஸ்ட்ரார் உரிய நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று ஐகான் ஒப்பந்தம் சொல்கிறது.

பெயரையே வாங்க வேண்டுமென்றால் ஐகான் 1999-ல் கொண்டுவந்த யூடிஆர்பி (டொமைன் பெயர்த் தகராறுகளை நடுவர் தீர்க்கும் முறை) வழி இருக்கிறது. மூன்றை நிரூபிக்க வேண்டும். பெயர் உங்கள் டிரேட்மார்க்கைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். அவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது. தீய நோக்கத்தோடு பதிவு செய்து, தீய நோக்கத்தோடு பயன்படுத்தவும் வேண்டும். வெறும் பக்கமாகப் போட்டு வைத்திருப்பதால் மட்டும் அவர் தப்பிக்க முடியாது. ஆஸ்திரேலியத் தொலைத்தொடர்பு நிறுவனமான டெல்ஸ்ட்ராவின் வழக்கில் 2000-லேயே அப்படித் தீர்ப்பாகியிருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் விசாரிக்க, ஐந்து பெயர்கள் வரை 1,500 டாலர் கட்டணம். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 20 நாள். எல்லாம் முடிய ஏறக்குறைய இரண்டு மாதம். பெயரை மாற்றித் தருவார்கள் அல்லது ரத்து செய்வார்கள். நஷ்டஈடு கிடைக்காது.

உங்களுக்குப் பதிவான டிரேட்மார்க் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் ஐந்து வருட விற்பனை, விளம்பரம், பத்திரிகைக் குறிப்பு ஆகியவற்றால் பெயருக்கு மதிப்பு இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். முடியும், ஆனால் சுமை பெரிது. பத்து டொமைன் வாங்கும் பணத்தை டிரேட்மார்க் விண்ணப்பத்துக்குச் செலவிடுங்கள் என்பேன். இன்னொன்றும் பாருங்கள்: அந்த டாட் நெட் உங்கள் வியாபாரம் தொடங்குவதற்கு முன்பே பதிவானதா? அப்படியானால் உங்களைக் குறிவைத்து வாங்கினார் என்று சொல்ல இடமில்லை. வழக்குப் போட்டால், பெயரைப் பிடுங்கப் பார்த்தவர் என்று உங்கள் மீதே நடுவர் எழுதக்கூடும்.

வடிவமைப்பாளருக்கு இன்றே எழுதுங்கள். ஒரு வாரத்தில் அவர் அசையவில்லையென்றால், அவருக்குக் கொடுத்த முதல் பில்லையும், லுக்கப் பக்கத்தில் உங்கள் டாட் காம், அந்த டாட் நெட் இரண்டுக்கும் வரும் பதிவுத் தேதிகளையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். நோட்டீஸ் தயாரிக்க அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.