எட்டு வயதுப் பையனை ‘யுஏ 13+’ படத்துக்குக் கூட்டிப் போனால் தியேட்டரில் விடுவார்களா?

விடுவார்கள். டிக்கெட் கிழிப்பவர் வயதைக் கேட்கவே மாட்டார். அந்த 13 அவருக்காகப் போட்டதில்லை, உங்களுக்காகப் போட்டது. கூட்டிப் போகலாமா என்பது பெற்றோர் முடிவு.

நம் நாட்டில் வாசலிலேயே நிறுத்தும் சான்றிதழ் ‘ஏ’தான். போன வருடம் கவனிக்காமல் நாலு டிக்கெட் போட்டுவிட்டு, பதினைந்து வயது அக்கா மகளோடு போய் நின்றேன். ஆதார் கேட்டார்கள். “நாங்க கூடத்தானே இருக்கோம்” என்றதெல்லாம் எடுபடவில்லை. உள்ளே விட்டால் சட்டப்படி மாட்டிக்கொள்வது தியேட்டர்காரர் என்பதால் அவரையும் குறை சொல்ல முடியாது. டிக்கெட் காசு போனது போனதுதான்.

‘யுஏ’ 1983இல் வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் அதன் பொருள். இரண்டு கெட்ட வார்த்தை இருக்கும் காமெடிக்கும் படம் முழுக்க ரத்தம் தெறிக்கும் கதைக்கும் ஒரே முத்திரை. 2023 சட்டத்திருத்தத்தில்தான் அதை 7+, 13+, 16+ என்று பிரித்தார்கள்.

பழைய ‘யு’ படங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை சில வருடங்கள், தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் தமிழ்த் தலைப்போடு ‘யு’வும் வேண்டும். அதற்காகவே நாலு வெட்டு வாங்கிக்கொண்டு ‘யு’ ஆன அரிவாள் படங்கள் உண்டு.

வெளிநாட்டில் கணக்கு வேறு. சிங்கப்பூரில் ‘பிஜி13’ வெறும் அறிவுரை. ‘என்சி16’ என்றால் பதினாறு ஆகாதவருக்கு அனுமதி கிடையாது. பிரிட்டனில் ‘12ஏ’ படத்துக்குச் சின்னப் பிள்ளைகள் பெரியவர் துணையோடு போகலாம், ‘15’க்கு அப்பாவே கூட வந்தாலும் முடியாது. இங்கே மடியில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்கே வாசலோடு திரும்ப வேண்டி வரலாம்.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், 13+ஐ முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள் என்பேன். என் பையனுக்கும் எட்டுதான். 7+ தானே என்று ஒரு படத்துக்குக் கூட்டிப் போனேன். சண்டையெல்லாம் சிப்ஸ் தின்றுகொண்டே பார்த்தான். நடுவில் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா சாகும் காட்சி, இரண்டு நிமிடம் இருக்கும். அன்று ராத்திரி மூன்று முறை எழுந்து அவன் அம்மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தான்.