லண்டன் தோட்டத்துக்கு எந்த எண்டைவ்?

ஏப்ரலில் விதைத்த சுருள் எண்டைவ் (லேசாகக் கசக்கும் சாலட் கீரை) ஜூனிலேயே பூத்தண்டு விட்டுக் கசந்துபோனது, வேறு வகை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வகையைவிட மாதத்தின் மேல்தான் சந்தேகம். நாற்றுப் பருவத்தில் குளிர் பட்ட செடி, பகல் நீண்டதும் பூக்கத்தான் பார்க்கும். ஜூன் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் விதையுங்கள், இலையுதிர்காலத்தில் அறுக்கலாம். செடிக்குச் செடி 30 செ.மீ. விடுங்கள்.

வகை என்றால், எஸ்கரோல் எனப்படும் அகல இலைதான் என் தேர்வு. ‘படேவியன் ஃபுல் ஹார்ட்’ தேடிப் பாருங்கள். சுருள் இலையைவிடக் குளிரைத் தாங்கும், கசப்பும் சற்றுக் குறைவு. இத்தாலியர்கள் வெள்ளை பீன்ஸ் சேர்த்து சூப் வைக்கிறார்கள். பாசிப்பருப்புக் கூட்டுக்கும் நன்றாகவே ஒத்துப்போகும். சுருள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ‘பான்கலியேரி’.

எதுவானாலும், அறுப்பதற்குப் பத்து நாள் முன்பு செடியின் நடுவில் ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். வெயில் படாத குருத்து வெளுத்துக் கசப்புக் குறையும். இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் மூடாதீர்கள், அழுகிவிடும்.

கடையில் வெள்ளைக் குருத்தாக விற்கும் பெல்ஜியன் எண்டைவ் விதையை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அது சிக்கரி, வேரைத் தோண்டியெடுத்து இருட்டில் மறுபடி முளைக்கவைக்க வேண்டும்.