ஸ்வயம் பாடத்தில் இரண்டு மின்னஞ்சல் கணக்குகள்: எதை வைத்துத் தேர்வுக்குப் பதிவு செய்வது?

கேள்வி: "என் மகள் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விருப்பப் பாடம் ஒன்றுக்குப் பதிலாக ஸ்வயம் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் 12 வார என்பிடெல் பாடம் எடுக்கச் சொன்னார்கள். முதல் இரண்டு வார அசைன்மென்டைக் கல்லூரி லேபில் கல்லூரி மின்னஞ்சல் வழியாக அனுப்பினாள். மூன்றாம் வாரத்தை வீட்டில் செல்போனில் எழுதினாள். அது அவளுடைய சொந்த ஜிமெயில் கணக்கில் போய்விட்டது. சேர்க்கை நடந்த சமயத்தில் இரண்டு கணக்கிலும் அந்தப் பாடத்தில் சேர்ந்திருக்கிறாள். இப்போது கல்லூரிக் கணக்கில் பார்த்தால் மூன்றாம் வாரத்தை எழுதவே இல்லை என்று காட்டுகிறது. நான்காம் வாரக் கெடு இன்னும் முடியவில்லை. இரண்டையும் சேர்க்க முடியுமா? தேர்வுக்கு எந்தக் கணக்கில் பணம் கட்டுவது? ஆதாரில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரியும் பெயர் இருப்பதால் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் ஏபிசி எண்ணிலும் சிக்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது." (ஒரு தாய், தென்காசி மாவட்டம்)

பதில்: உங்கள் மகளின் படிப்பு எதுவும் வீணாகிவிடவில்லை, நான்காம் வாரத்திலேயே நீங்கள் கவனித்துவிட்டதால் இதை முழுமையாகச் சரிசெய்துவிடலாம். ஆனால் இரண்டு கணக்குகளிலும் சிதறிக் கிடக்கும் மதிப்பெண்களை ஒன்றாக்கித் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டில் ஒன்றை இன்றே தேர்ந்து, இனிமேல் எல்லாவற்றையும் அதிலேயே செய்வதுதான் வழி.

ஏன் இப்படி ஆகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்பிடெல் என்பது ஏழு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம். 2017இல் ஒன்றிய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியபின் அதன் பாடங்கள் அந்தத் தளத்தின் வழியாக நடக்கின்றன. கல்லூரியில் உங்கள் மகளுக்கு ஒரு முகம், ஒரு பதிவெண், ஒரு வகுப்பாசிரியர் இருக்கிறார்கள். இந்தத் தளத்துக்கோ அவள் ஒரு மின்னஞ்சல் முகவரி, அவ்வளவுதான். இரண்டு முகவரிகள் என்றால் அதன் கணக்கில் இரண்டு மாணவிகள். அதோடு, பாடத்தில் சேர்வது ஒரு பதிவு, தேர்வுக்குப் பணம் கட்டுவது வேறொரு பதிவு, கிடைத்த கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகுகளை, கல்லூரி தன் மதிப்பெண் பட்டியலில் ஏற்றுவது மூன்றாவது வேலை. ஒன்றை முடித்தால் அடுத்தது தானாக நடந்துவிடும் என்ற எண்ணம்தான் நான் பார்த்த பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 12 வாரப் பாடத்தில் 12 அசைன்மென்ட்களில் அதிக மதிப்பெண் பெற்ற எட்டை மட்டும் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். அந்தச் சராசரிக்கு 25 விழுக்காடு, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு. சான்றிதழ் பெற அசைன்மென்டில் 25க்கு 10ம், தேர்வில் 75க்கு 30ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். ஒன்றில் அதிகமாக எடுத்து மற்றதன் குறையை ஈடுகட்ட முடியாது. கல்லூரிக் கணக்கில் தொடர்ந்தால், எழுதிய இரண்டோடு நான்கு முதல் பன்னிரண்டு வரையிலான ஒன்பதும் சேர்ந்து பதினொன்று ஆகிறது. சொந்த ஜிமெயிலில் தொடர்ந்தால் மூன்றாம் வாரமும் மீதி ஒன்பதும் சேர்ந்து பத்து. எட்டுதான் தேவை என்பதால் இரண்டு வழியிலும் அவளுக்கு இடமிருக்கிறது. முன்னதில் மூன்று வாரம் சரியாக அமையாமல் போனாலும் தாங்கும், பின்னதில் இரண்டு வாரம். வரும் வாரங்களை ஒழுங்காக எழுதுகிற பிள்ளைக்கு இந்த ஒரு வார வித்தியாசம் பொருட்டே இல்லை. ஆகவே எந்தக் கணக்கு என்பதை மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வேறு எதை வைத்து என்று கேட்டால், முதலில் கல்லூரியின் விதி. சில கல்லூரிகள் நிறுவன மின்னஞ்சலை மட்டுமே ஏற்கின்றன. அப்படியானால் பேச்சுக்கே இடமில்லை, கல்லூரிக் கணக்குதான். கல்லூரி எதையும் கட்டாயப்படுத்தவில்லை என்றால், என் கருத்தில் சொந்த மின்னஞ்சலே நல்லது. படிப்பு முடிந்து ஓராண்டில் பல கல்லூரிகள் மாணவர்களின் மின்னஞ்சலை மூடிவிடுகின்றன. மேற்படிப்புக்கோ வேலைக்கோ சான்றிதழை மறுபடி எடுக்கப் போகும்போது உள்ளே நுழைய வழியிருக்காது. சொந்தக் கணக்கைத் தேர்ந்தால், சுயவிவரப் பகுதியில் கல்லூரியின் பெயரையும் பதிவெண்ணையும் சரியாகக் குறித்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, கல்லூரியின் என்பிடெல் ஒருங்கிணைப்பாளரிடம் எந்த முகவரியில் தொடர்கிறாள் என்பதை எழுத்தில் தெரிவித்துவிடட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஒரு கல்லூரியில் இந்தப் பாடங்களை ஒருங்கிணைத்த நாள்களில் ஒரு மாணவர் பன்னிரண்டு வாரமும் தவறாமல் அசைன்மென்ட் எழுதினார், தேர்வையும் நன்றாக எழுதினார். ஆனால் தேர்வுப் படிவத்தை நண்பர் ஒருவரின் மடிக்கணினியில் அவசரமாக நிரப்பியபோது தம்முடைய இன்னொரு மின்னஞ்சலில் உள்ளே போயிருக்கிறார். முன்பு அதிலும் பாடத்தில் சேர்ந்திருந்ததால் படிவம் அவரைத் தடுக்கவில்லை. முடிவு வந்த அன்று அசைன்மென்ட் பத்தியில் பூஜ்யம் இருந்தது. தேர்வில் எடுத்த மதிப்பெண் அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் அறையில் நின்றது இன்றும் மனத்தில் இருக்கிறது. உங்கள் மகள் இப்போது நிற்பதும் இரண்டு கணக்கிலும் சேர்ந்திருக்கிற அதே நிலையில்தான். ஆனால் அவளிடம் இன்னும் நாள் இருக்கிறது.

தவறு மறுபடி நேராமலிருக்க ஒரு சிறிய பழக்கம் போதும். பாடப் பக்கத்தைத் திறந்ததும் வலப்பக்க மேல் மூலையில் உள்ள சிறு வட்டத்தைத் தொட்டு, அங்கே தெரியும் மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு உள்ளே போக வேண்டும். செல்போனில் இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் இருந்தால் எது முதலில் இருக்கிறதோ அது தானாக நுழைந்துவிடும். உங்கள் வீட்டில் நடந்தது அநேகமாக இதுவே. கல்லூரி லேபிலோ முன்னால் உட்கார்ந்த மாணவர் வெளியேறாமல் போயிருந்தால், அவருடைய கணக்கில் உங்கள் மகளின் விடைகள் பதிவாகிவிடும். அனுப்பு பொத்தானை அழுத்தியபின் பக்கத்தை மூடாமல் சற்றுப் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக இன்ன தேதி, இன்ன மணிக்கு உங்கள் விடை பதிவானது என்று ஒரு வரி தோன்றும். அந்த வரியும் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாரவாரியாகச் சேமித்துவந்தால், பிற்பாடு எந்தக் கேள்வி வந்தாலும் கையில் ஆதாரம் இருக்கும்.

ஒவ்வொரு வார அசைன்மென்டுக்கும் கெடு பெரும்பாலும் அடுத்த வாரம் புதன்கிழமை இரவு 11.59 மணி. கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் விடையை மாற்றி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதையே திருத்துகிறார்கள். எனவே ஞாயிற்றுக்கிழமையே ஒருமுறை அனுப்பிவிட்டு, புதன்கிழமைக்குள் ஐயமுள்ள விடைகளை மட்டும் திருத்துவது பாதுகாப்பானது. புதன் இரவு பத்து மணிக்கு மின்சாரம் போவதும் அன்றைய டேட்டா தீர்ந்துபோவதும் நம் ஊர்களில் புதிய செய்தி இல்லை. விரிவுரைக் காணொளிகளைக் கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டால் வீட்டு டேட்டா அசைன்மென்டுக்கு மிஞ்சும். பல பாடங்களுக்கு விரிவுரையின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் தருகிறார்கள். ஆங்கில விரிவுரையின் வேகத்தில் திணறும் பிள்ளைகள் அதை முதலில் படித்துவிட்டுக் காணொளியைப் பார்த்தால் பாடம் நன்றாகப் பிடிபடுகிறது. இந்த வசதி இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

அடுத்து தேர்வுப் பதிவு. பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்கு மட்டுமே கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகை உண்டு. பதிவுக்கான கடைசி நாள் பாடம் முடியும்போது வருவதில்லை, நடுவிலேயே வந்துவிடும். ஆகவே இந்த வாரமே பாடத்தின் அறிவிப்புப் பக்கத்தில் அந்தத் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். படிவம் தனித் தளத்தில் இருக்கும். நீங்கள் முடிவு செய்த அதே மின்னஞ்சலில்தான் அதனுள் நுழைய வேண்டும். தெளிவான புகைப்படம், கையெழுத்தின் படம், தேர்வு மையத்துக்கான நகரங்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஊரிலிருந்து காலையில் கிளம்பி நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய நகரத்தையே முதலில் குறியுங்கள். பணம் கழிந்தும் படிவத்தில் பதிவாகவில்லை என்றால், உடனே மறுபடி கட்டாமல், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு உதவிப் பிரிவுக்கு எழுதுவது நல்லது.

படிவத்தில் பெயரை எப்படித் தட்டச்சு செய்கிறாளோ அப்படியேதான் சான்றிதழில் அச்சாகும். நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் பெரிய சிக்கல், ஏனென்றால் குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா மு' என்று இருக்கும். ஆதாரில் 'கவிதா முருகேசன்' என்று தந்தை பெயரை விரித்துப் போட்டிருப்பார்கள். கல்லூரிப் பதிவேட்டில் 'மு. கவிதா' என்று தலைப்பெழுத்து முன்னால் வந்து நிற்கும். மூன்றும் ஒரே பெண் என்பது நமக்குத் தெரியும், ஆனால் கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு பெயர்கள். தேர்வுப் படிவத்தில் கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடியே, தலைப்பெழுத்தின் இடம் உள்பட, தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் கிரெடிட்டை ஏற்க வேண்டியது கல்லூரிதான்.

ஏபிசி என்பது மாணவர்கள் பெறும் கிரெடிட்களைச் சேர்த்துவைக்க 2021இல் தொடங்கப்பட்ட கிரெடிட் வங்கி. டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். இப்போது அதை அபார் எண் என்றும் சொல்கிறார்கள். அங்கே பெயர் ஆதாரிலிருந்து வருவதால், நீங்களாகத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. முதலில் தலைப்பெழுத்து வேறுபாட்டை மட்டும் கல்லூரி ஏற்றுக்கொள்கிறதா என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள். ஏற்றால் எதையும் மாற்ற வேண்டாம். ஏற்காவிட்டால் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து ஒரே முறையில் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, பல வீடுகளில் பிள்ளையின் ஆதாரோடு அப்பாவின் செல்போன் எண்தான் இணைந்திருக்கிறது. டிஜிலாக்கரில் எண்ணை உருவாக்கும்போது ஓடிபி அவருக்குப் போகும். அவர் வேலைத் தளத்தில் இருந்தால் அது காலாவதியாகிவிடும். அவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.

ஏபிசி எண் இருந்தால் கிரெடிட் தானாக வந்து விழும் என்று நினைக்க வேண்டாம். அதில் கிரெடிட்டைச் செலுத்துவது கல்வி நிறுவனம். மாணவர் தாமாகச் செலுத்த முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக எடுக்க இடமுண்டு. 12 வாரப் பாடத்துக்குப் பொதுவாக 3 கிரெடிட். ஆனால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று தீர்மானிப்பது கல்லூரியின் கல்விக் குழு. உங்கள் மகள் எடுத்திருக்கும் பாடத்தின் பெயர் கல்லூரி ஒப்புதல் அளித்த பட்டியலில் இருக்கிறதா, விடுபடும் விருப்பப் பாடத்துக்கும் கிரெடிட் எண்ணிக்கை அதேதானா என்பதைத் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். முடிவு வெளியானபின் சான்றிதழைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒப்படைக்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் அதே சமயத்தில் கேட்டுவிடுங்கள். இறுதியாண்டுப் பிள்ளை என்பதால், அந்தச் சான்றிதழ் வருவதற்குள் பட்டத்துக்கான மதிப்பெண் பட்டியல் தயாராகிவிடுமா என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.