முதியோர் பராமரிப்பு இல்லம் நடத்துவதில் உண்மையான கஷ்டம் எது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: கோவையில் அப்பா கட்டிய வீடு காலியாகக் கிடக்கிறது, அதில் 20 படுக்கை போட்டு, எழுந்து நடமாட முடியாத முதியவர்களுக்கு இல்லம் தொடங்க ஆசை. லைசென்ஸ், சட்டச் சிக்கல், ஆள் பற்றாக்குறை, பராமரிப்பின் தரம் எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது?

நான் 11 வருடம் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். கடந்த 9 வருடமாகக் கோவையிலேயே 34 படுக்கை உள்ள ஓர் இல்லத்தை நிர்வகிக்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் நான்கில் மூன்று, ஆள் விஷயத்திலிருந்துதான் முளைக்கின்றன. அதனால் அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். முதலில் ஒரு படுக்கைப் புண் கதை.

ஆறு வருடத்துக்கு முந்தைய பொங்கல் சமயம். இரவு ஷிஃப்டில் இருந்த மூன்று பெண்களில் இருவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆள் குறைவு என்று தெரிந்தும், அந்த வாரம் நான் இரண்டு பேரை அட்மிஷன் போட்டேன். இரண்டு குடும்பமும் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகி, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றார்கள். படுக்கையும் காலியாக இருந்தது. கீழ் ஹாலில் படுத்த படுக்கையாக மொத்தம் 14 பேர் ஆனார்கள். இரவில் அவர்களுக்கு ஒரே ஒரு பெண்.

நான்காம் நாள் காலை, 82 வயதுப் பாட்டி ஒருவரைக் குளிப்பாட்டத் திருப்பியபோது, வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல தோல் என்றால் அழுத்திய இடம் வெளுத்து, பிறகு மறுபடி சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. அப்படியென்றால் அழுத்தத்தால் உள்ளே பாதிப்பு ஆரம்பித்துவிட்டது, படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்று அர்த்தம். மூன்றே நாளில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. ஆறுவதற்கு நான்கு மாதம் பிடித்தது.

ஒரே இடம் அழுந்திப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அப்படிச் செய்ததற்கான சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டம்கூட விடுபடாமல் டிக் போட்டிருந்தது. 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி, 6 மணி. எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். விடிந்த பிறகு மொத்தமாக உட்கார்ந்து போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டத்தான் போனேன். அவள் அழவில்லை. "சிஸ்டர், நீங்களே ஒரு நைட் பாருங்க" என்றாள். அன்றிரவு நானே இருந்தேன். ஒருவரைத் திருப்பி, டயப்பர் பார்த்து, அண்டர்பேட் சரிசெய்து, முதுகுக்கும் முழங்காலுக்கு நடுவிலும் தலையணை வைத்து, இரண்டு வாய் தண்ணீர் கொடுக்க, எவ்வளவு விரைவாகச் செய்தாலும் 10 நிமிடம். 14 பேருக்கு 140 நிமிடம். இரண்டு மணி நேரம் என்பதோ 120 நிமிடம். நடுவில் ஒருவர் மலம் கழித்தாலோ, ஒரு தாத்தா எழுந்து வாசலைத் தேடினாலோ, அவ்வளவுதான். கனமானவர்களைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும் என்பது வேறு. அந்தப் பொய் சார்ட்டை எழுத வைத்தது நான் போட்ட டியூட்டி ரோஸ்டர். பாட்டியின் மகளுக்குப் போன் செய்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வழக்குப் போட்டிருந்தால் எங்களிடம் பதில் கிடையாது. அவர் போடவில்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் வந்து, தானே அம்மாவின் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் பார்க்கும்போது பக்கத்திலேயே நிற்பேன்.

அன்றிலிருந்து எங்கள் இல்லத்தில் படுக்கை எண்ணிக்கையைக் கட்டடம் தீர்மானிப்பதில்லை, இரவு ஷிஃப்டுதான் தீர்மானிக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் ஆறு பேருக்கு இரவில் ஓர் ஆள். அதற்கு மேல் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் ஆள் வர வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் எழுதிய கணக்கு இல்லை, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஐந்து படுக்கை காலியாக இருந்த மாதங்களும் உண்டு. போனில் கெஞ்சுபவர்களிடம் இல்லை என்று சொல்வது இந்த வேலையிலேயே கொடுமையான பகுதி. இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

உங்கள் 20 படுக்கைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் எந்நேரமும் ஓர் ஆள் நிற்க வேண்டுமென்றால், 8 மணி நேர ஷிஃப்டில் வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் வார விடுமுறை போக 6 பார்ப்பார். ஆக, மூன்றரை ஆள். காய்ச்சல், குலதெய்வம் கோயில், பிள்ளைக்குக் காது குத்து எல்லாம் சேர்த்தால் 4 ஆள். ஆறு பேருக்கு ஓர் ஆள் என்றால் 20 பேருக்கு நான்கு ஆள். அதாவது ஹாலில் எப்போதும் நான்கு பேர் நிற்க, சம்பளப் பட்டியலில் 16 பேர் இருக்க வேண்டும். சமையல், துணி துவைப்பு, நர்ஸ் எல்லாம் தனி. பலர் 12 மணி நேர ஷிஃப்ட் போட்டு இதைச் சுருக்கப் பார்ப்பார்கள். பத்தாவது மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனவர் ஒரு தாத்தாவை எப்படித் தூக்குவார்?

ஆள் கிடைப்பது பற்றி. அட்டெண்டர் வேலைக்கு வருபவர்களில் பாதிப் பேர் மூன்று மாதத்துக்குள் போய்விடுவார்கள். திருப்பூர் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தால் இதைவிடக் கூடக் கிடைக்கும், அடுத்தவர் மலத்தை அள்ளவும் வேண்டாம். ஏஜென்சி மூலம் எடுத்தால் ஆளுக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு பங்கு நடுவிலேயே நின்றுவிடும். எங்களுக்குக் கைகொடுத்தவை சாதாரண விஷயங்கள். சம்பளத்தை 1-ஆம் தேதியே போட்டுவிடுவது, தங்க நல்ல அறை, இரவு ஷிஃப்டுக்குச் சூடான சாப்பாடு, முதுகு போகாமல் தூக்கும் முறையைச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது, தீபாவளி பொங்கல் லீவை இரண்டு மாதம் முன்பே உட்கார்ந்து பேசிப் பிரிப்பது. 10 பேர் ஆனதும் இ.எஸ்.ஐ., 20 ஆனதும் பி.எஃப். "பிடித்தம் வேண்டாம், கையில் கொடுங்க" என்று அவர்களே கேட்பார்கள். கேட்டாலும் கட்டிவிடுங்கள். எங்கள் ஆயா ஒருவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது இ.எஸ்.ஐ.தான் பார்த்துக்கொண்டது.

சார்ட்டில் இப்போது ஒரு கூடுதல் கட்டம் இருக்கிறது: 'செய்யவில்லை – காரணம்'. அதில் எழுதினால் யாருக்கும் திட்டு கிடையாது. காலை 7 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒவ்வொருவரின் குதிகால், இடுப்பு, வால் எலும்பைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். ஏர் பெட் (காற்று அடைத்த மெத்தை) எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஏர் பெட் போட்டாயிற்றே என்று திருப்பாமல் விட்டதால் வந்த புண்ணையும் பார்த்திருக்கிறேன்.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. வெளிநாட்டில் அதே பெயர் முதியோர் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும். நீங்கள் தொடங்க நினைப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதியோரைத் தங்க வைப்பதற்கு மாவட்டச் சமூக நல அலுவலகம். டிரிப்ஸ் ஏற்றி, படுக்க வைத்து வைத்தியம் பார்ப்பதாக இருந்தால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். அதற்கு மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். மனநோய் உள்ளவர்களைத் தங்க வைத்துச் சிகிச்சை தந்தால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தனிப் பதிவு. டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களைச் சேர்ப்பதாக இருந்தால், அது உங்களுக்கும் பொருந்துமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. ஊசி, ரத்தக் கறை பட்ட பஞ்சு எல்லாம் 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி நிறம் பிரித்து அனுப்பியாக வேண்டும். ரத்தக் கறை பட்டதை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மாநகராட்சி வண்டியில் போடக் கூடாது.

அறக்கட்டளையாகப் பதிவு செய்து வருமான வரித் துறையின் பதிவும் வாங்கியிருந்தால், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் இதை முதல் நாளே பேசுங்கள்.

ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதைத் தொந்தரவாகப் பார்க்காதீர்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அனுமதி இல்லாமல் நடந்த ஓர் இல்லத்தில் ஆட்கள் காணாமல் போனது தெரிந்து, தமிழ்நாடே அதிர்ந்தது. பெற்ற தாயை ஒரு கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறவருக்கு, அந்தக் கதவை வேறு யாராவது தட்டிப் பார்ப்பார்கள் என்ற தைரியம் வேண்டாமா? எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சட்டச் சிக்கல் என்று நீங்கள் பயப்படுவது வழக்கைப் பற்றியாக இருக்கும். எங்களுக்குத் தினசரிச் சிக்கல் அண்ணன் தம்பிச் சண்டை. "என் தம்பியை உள்ளே விடாதீங்க" என்று பணம் கட்டும் அண்ணன் சொல்வார். அம்மா தெளிவாக இருக்கும்வரை, யாரைப் பார்ப்பது என்பது அம்மாவின் முடிவு. இதை அட்மிஷன் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம். இன்னொருவர் அப்பா கொடுத்த பவர் பத்திரத்தைக் காட்டுவார். அப்பாவுக்கு டிமென்ஷியா முற்றி, புரிந்து முடிவெடுக்க முடியாத நிலை வந்துவிட்டால், 1872 ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. உயர்நீதிமன்றத்துக்குப் போய்க் கார்டியன் உத்தரவு வாங்க வேண்டும். கோமாவில் இருந்தவருக்கு மனைவியைக் கார்டியனாக நியமித்து 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. முத்திரைத் தாளோடு உள்ளே வந்து, நினைவு தப்பிய பெரியவரின் கைநாட்டைக் கேட்பவர்களை நாங்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

கடைசிக் காலம் பற்றியும் சேர்க்கும்போதே பேசிவிடுங்கள். மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி, வென்டிலேட்டர் வேண்டுமா, ராத்திரி 2 மணிக்கு யாருக்குப் போன் செய்வது? பெரியவர் தெளிவாக இருந்தால் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எழுதலாம். பின்னால் தன்னால் சொல்ல முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைப்பது அது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை ஏற்று, 2023-இல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலை போதும். எங்கள் இல்லத்தில் இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். "பசங்க அடிச்சுக்க வேண்டாமுங்க, நானே சொல்லிப்போடறேன்" என்று சொல்லி எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. இல்லத்திலேயே ஒருவர் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு ஆக வேண்டும், தகவல் தரும் பொறுப்பு நம்முடையது.

விழுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலர் விழத்தான் செய்வார்கள். பெரும்பாலும் இரவில், பாத்ரூமுக்குப் போகும்போது. "கட்டிலோடு கட்டி வையுங்க சிஸ்டர்" என்று பிள்ளைகளே சொல்வார்கள். கட்ட மாட்டோம். கட்டினால் புண் வரும், சளி கட்டும், மனுஷர் ஒரே மாதத்தில் ஒடுங்கிவிடுவார். கட்டிலின் உயரத்தைக் குறைத்தோம், பாத்ரூம்வரை இரவு விளக்கு போட்டோம், 11 மணிக்கும் 3 மணிக்கும் நாமே எழுப்பிக் கூட்டிப்போகிறோம். இதற்கும் ஆள்தான் வேண்டும், பாருங்கள்.

இன்னொன்று: நேற்றுவரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று திடீரென்று பிதற்றினால் 'வயசாயிடுச்சு' என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பது டாக்டர் இல்லை; தினமும் தலை வாரிவிடும் அட்டெண்டர். "பாட்டி இன்னிக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலை சிஸ்டர்" என்று எங்கள் பெண் ஒருத்தி வந்து சொன்னதால் ஓர் உயிர் பிழைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் இல்லத்தில் இதை யார் கவனிப்பார்கள்?

அதனால் 20 படுக்கையோடு ஆரம்பிக்காதீர்கள். எட்டுப் பேரோடு ஆரம்பியுங்கள், அதில் படுத்த படுக்கையானவர்கள் நான்குக்கு மேல் வேண்டாம். ஆறு மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். அதற்கு முன், கட்டிலுக்கு ஆர்டர் கொடுப்பதற்கும் முன், ஏதாவது ஓர் இல்லத்தில் ஒரு வாரம் இரவு ஷிஃப்ட் பாருங்கள். எங்கள் இல்லத்துக்கே வந்தாலும் சரி. ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்கு வந்துவிட வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், காலை 7 மணிக்கு சார்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.