கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு போர்க்கால ராணுவ வண்டி மாதிரிகள் செய்வது சாத்தியமா? எதில் தொடங்கலாம்?

கேள்வி கேட்டவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். இரண்டாம் உலகப் போர் டாங்கிகள் மேல் ஆசை, முதல் கிட்டாக (பாகங்களை ஒட்டிச் செய்யும் பெட்டி) டைகர் டாங்கி வாங்கலாமா, நம் ஊர் ஈரக்காற்றில் பெயிண்ட் நிற்குமா, பொருளெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். நான் தக்கலைக்காரன். பல வருடமாக 1/35 அளவில், அதாவது நிஜ வண்டியில் 35-ல் ஒரு பங்காக, ராணுவ வண்டிகள் செய்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

டைகர் வேண்டாம். ஜீப் வாங்குங்கள்.

டைகர் மேல் எல்லாருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஜெர்மனி மொத்தமாகச் செய்ததே சுமார் 1,350 டைகர் 1 டாங்கிகள்தான். உலகம் முழுவதும் மாதிரி செய்பவர்களின் அலமாரிகளில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் முதல் கிட்டுக்கு அது சரிப்படாது. சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கடுக்காகச் செருகி இருக்கும். எதை முதலில் ஒட்டுவது, எதை முதலில் பெயிண்ட் அடிப்பது என்று திட்டம் போடாமல் இறங்கினால் உள்வரிசைச் சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்குப் பிரஷ் போகாது. போதாததற்கு, உங்கள் டைகர் எந்த மாதத்து டைகர் என்று முடிவு செய்ய வேண்டும். 1943 பிற்பகுதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை ஜெர்மன் தொழிற்சாலைகளில் காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க ‘சிம்மரிட்’ என்ற சாந்தை டாங்கியின் மேல் வரிவரியாகப் பூசினார்கள். அந்தக் காலத்து டைகர் என்றால் புட்டியைப் பூசி, அது காயும் முன் வரி கீற வேண்டும். 1943 தொடக்கம் வரை உடல் கரும் சாம்பல் நிறம், பிறகு கரும் மஞ்சள். இத்தனையும் தெரிந்துகொண்டு செய்யும்போது சுகமாகத்தான் இருக்கும். முதல் கிட்டில் தேவையில்லாத தலைவலி.

ஜீப் அப்படி இல்லை. போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய வண்டி. நீளம் 3.33 மீட்டர், 1/35 அளவில் ஒன்பதரை சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும். பாகங்கள் குறைவு, விலையும் டைகர் பக்கம் போகாது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: அதன் வாரிசு நம் மாவட்டத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து விற்கத் தொடங்கி, பிறகு சொந்தமாகவே செய்யத் தொடங்கியது. அந்த வம்சத்து வண்டிகளைக் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களில் இன்றைக்கும் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஒருநாள் போய் அந்த வண்டியைச் சுற்றி வாருங்கள். சேறு எங்கே பிடிக்கிறது, எங்கே பிடிப்பதில்லை? மட்கார்டின் உள்பக்கம் கட்டியாக அப்பியிருக்கும். பக்கவாட்டில் தெறித்த புள்ளிகள் பின்சக்கரத்தை ஒட்டித்தான் அதிகம், முன்னால் போகப் போகக் குறையும். ஓட்டுபவர் கால் வைத்து ஏறும் இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு மின்னும். பானட்டைத் திறக்கக் கை வைக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. நான் இப்படித் தரையில் படுத்துப் போன் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தபோது தோட்டத்து டிரைவர் ஒருவர் வந்து, “ஏன் மக்களே, வண்டிய விட்டுட்டு சேற்றையா படம் பிடிக்குத?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே டயரைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இணையத்தில் ஆயிரம் படம் பார்க்கலாம், ஆனால் காய்ந்த சேறும் ஈரச் சேறும் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் கை கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் ஜீப்பை அப்படியே போர்க்கால ஜீப் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போர்க்கால வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம். ஃபோர்டு அழுத்தி எடுத்த கிரில்லில் ஒன்பது இடைவெளிகள், வில்லிஸும் பிறகு அதையே எடுத்துக்கொண்டது. ஹெட்லைட்டைத் திருகி எஞ்சின் பக்கம் திருப்பி, ராத்திரியில் ரிப்பேர் பார்க்க வெளிச்சம் பிடிக்கலாம். மண்வெட்டியும் கோடரியும் டிரைவர் பக்கத்துப் பக்கவாட்டில் கட்டியிருக்கும். ஸ்டெப்னி பின்னால், திறக்கும் கதவு கிடையாது. நம் ஊரில் தென்படும் உயரமான பானட் வைத்த வண்டி போருக்குப் பிந்திய எஞ்சினுக்காக வந்த மாடல். சேற்றையும் தேய்மானத்தையும் இங்கே பாருங்கள், வடிவத்துக்குப் பழைய படங்களைப் பாருங்கள்.

இனி துரு. கடலோரத்துக்காரர்களான நமக்கென்று ஒரு தனி வியாதி இதில் உண்டு. குளச்சல், சின்னமுட்டம் துறைமுகத்து இரும்பைப் பார்த்தே வளர்ந்த கண் இது. நங்கூரச் சங்கிலி, விசைப்படகின் விளிம்பு, கடலைப் பார்த்த ஜன்னல் கம்பி எல்லாம் செதில் செதிலாக உரிந்து ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். துரு என்றாலே அதுதான் நம் மனதில். மாதிரியிலும் அதையே போட்டு விடுகிறோம். போர்முனை டாங்கியின் ஆயுள் பல நேரம் சில மாதங்கள்தான். பிரைமர் அடித்த தடித்த இரும்பு அதற்குள் செதில் விடாது. சூட்டில் பெயிண்ட் எரிந்துபோகும் சைலன்சரில் துரு வரும், அது நியாயம். டிராக்கில் (டாங்கியின் சங்கிலிப் பட்டையில்) தரையைத் தொடும் பகுதி தேய்ந்து பளபளக்கும், மற்ற இடம் மங்கிய பழுப்பு, மேலே மண். உடலில் பெயிண்ட் பெயர்ந்த இடங்களில் கரும்பழுப்பாக ஒரு பொட்டு போதும். அந்தப் பொட்டின் அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதிரியில் 1 மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். உடல் முழுக்க அப்படி இருபது முப்பது வைத்தால் அது சண்டைக்குப் போன வண்டி மாதிரி இருக்காது, ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போன வண்டி மாதிரி இருக்கும்.

இதே கணக்கு மணலிலும் இடிக்கும். கன்னியாகுமரியில் பாக்கெட்டில் விற்கும் கலர் மணலை டயோரமாவுக்கு (மாதிரியை நிறுத்தும் காட்சித் தளத்துக்கு) போடலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். அழகான மணல்தான், சிவப்பு கார்னெட்டும் கறுப்பு இல்மனைட்டும் உலகத்தில் எல்லாக் கடற்கரையிலும் கிடைத்துவிடாது. ஆனால் அரை மில்லிமீட்டர் மணல் ஒன்று 1/35 அளவில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஜல்லி. ரோட்டுக்கு மெட்டல் பரப்பிய மாதிரி இருக்கும். தூசிக்கு நான் முட்டம் பக்கத்துச் செம்மண்ணை நன்றாகக் காயவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து எடுக்கிறேன். செங்கல் பொடியும் ஆகும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நிலத்தில் நிற்கும், வண்டியின் மேல் என்றால் தின்னரில் (என்.சி. தின்னர் அல்ல) லேசாக நனைத்து ஒற்றினால் போதும். நீள்புல்லுக்குத் தென்னந்தும்பை விடச் சிறந்தது எதையும் நான் வெளியிலிருந்து வாங்கியதில்லை. செம்மண் எல்லாப் போர்முனைக்கும் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரஷ்யாவில் நிற்கும் டாங்கிக்கு நம் ஊர்ச் சிவப்பைப் பூசினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஈரக்காற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை. லாக்கர் வகைப் பெயிண்டை ஏர்பிரஷ்ஷில் அடிக்கும்போது கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர வைக்கும், காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். கார் பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் கேளுங்கள், மழை நாளில் அவர்களுக்கும் இதே தொல்லைதான். மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கலந்த தின்னர் சேர்த்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கம்ப்ரஸரில் தண்ணீர் பிடிக்கும் குப்பி இல்லாமல் நம் ஊரில் ஏர்பிரஷ் பிடிக்கவே கூடாது, அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு துப்பும். நான் ஒட்டும் வேலைகளை மழைக்காலத்துக்கும் ஸ்ப்ரே வேலைகளை ஜனவரி முதல் மார்ச் வரைக்குமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பிரஷ் பிடித்து நீர்வகை அக்ரிலிக் அடிப்பவர்களுக்கு இந்த ஈரம் நல்லதுதான். மெதுவாகக் காய்வதால் பிரஷ் கோடு தானே சமமாகிவிடும். முதல் ஜீப்புக்கு ஏர்பிரஷ் வாங்கவே வேண்டாம்.

டீகால் தாள்களை (வண்டி எண், அடையாளங்கள் ஒட்டும் மெல்லிய படத்தாள்) ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒட்டும்போது அடியில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம், சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் ஓரத்தில் காற்று தங்கி வெள்ளியாக மின்னும். என்.சி. தின்னர் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது ஏர்பிரஷ் கழுவ மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் உருக்கிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஸ்ப்ரே செய்யும்போது கார்பன் மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

மற்றக் கருவிகளுக்குப் பெரிய பட்டியல் வேண்டாம். பாகங்களை வெட்டி எடுக்க நல்ல நிப்பர் ஒன்று, கத்தி ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட், நம்பர் 400, 800 தண்ணீர் உப்புத்தாள். சிமெண்ட் என்று நான் சொல்வது பிளாஸ்டிக்கையே லேசாக உருக்கி இணைப்பது. ஃபெவிக்விக்கை அதற்குப் பதில் எடுக்காதீர்கள், பாகத்தை நகர்த்திச் சரிசெய்ய நேரமே கொடுக்காது. நாகர்கோவிலில் உப்புத்தாளும் பெயிண்ட் பிரஷ்ஷும் கிடைக்கும், கிட்டும் சிமெண்ட்டும் ஆன்லைனில்தான். லாக்கர் பெயிண்ட் தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அதனால் தரைவழியாக வர நாளாகும். பெயிண்ட் வந்த பிறகு கிட்டைத் திறங்கள். இல்லாவிட்டால் பொறுமை இருக்காது.

1/35 என்ற விநோத அளவு எங்கிருந்து வந்தது என்று ஒரு துணைக்கேள்வியும் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் ஜெர்மன் பாந்தர் டாங்கி மாதிரியைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற அளவுக்கு உடலை வரைந்தார்கள், பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1/35. அப்புறம் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

ஜீப் முடிந்ததும் என்ன? அதிலிருந்து நேராக நம் கதைக்கு வரலாம். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் போரில் நம் ராணுவத்தின் அப்துல் ஹமீது பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை அடித்தது ஜீப்பில் பூட்டிய 106 மில்லிமீட்டர் பின்னதிர்வற்ற பீரங்கியால்தான். வெளிநாட்டு கிட் பெட்டிகளில் இந்திய அடையாள டீகால்கள் பெரும்பாலும் இருக்காது, எண்களைக் கையால் எழுத வேண்டியிருக்கும்.

டாங்கிதான் வேண்டும் என்றால் அமெரிக்காவில் செய்த லீ டாங்கியைப் பாருங்கள். 1944 ஏப்ரலில் இம்பாலுக்கு அருகே நுன்ஷிகம் குன்றின் செங்குத்துச் சரிவில் ஜப்பானியரை எதிர்த்து ஏறிய டாங்கிகள் இவை, கூடவே ஏறியது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் டோக்ரா காலாட்படை. டைகர் அளவுக்குச் சக்கரச் சிக்கல் கிடையாது, உடல் முழுக்க ரிவெட் இருப்பதால் வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த கரும்பெயிண்ட்) ஓடவிட்டுப் பழக நல்ல பரப்பு. பக்கவாட்டில் 75 மில்லிமீட்டர், மேல் கோபுரத்தில் 37 மில்லிமீட்டர் என்று இரண்டு பீரங்கி. படம் தேடும்போது ‘கிராண்ட்’ என்ற பெயரிலும் தேடுங்கள், உடல் ஏறக்குறைய ஒன்றுதான், பிரிட்டிஷ்காரர்கள் கேட்டு வாங்கிய கோபுரம் மட்டும் வேறு. கிட் வாங்கும் முன் பெட்டியில் எந்தக் கோபுரம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.