ஸ்க்ராப்புக் பொருள்கள் வீடெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. எங்கிருந்து ஒழுங்குபடுத்தத் தொடங்குவது?

ஸ்க்ராப்புக், அதாவது போட்டோ, டிக்கெட் போன்ற நினைவுப் பொருள்களை ஒட்டி அலங்கரிக்கும் ஆல்பம் செய்ய, ஒரு வருடமாகக் காகிதம், ஸ்டிக்கர், ரிப்பன் என்று வாங்கிச் சேர்த்திருக்கிறீர்கள். பழைய போட்டோக்களும் டிக்கெட்டுகளும் ஒரு பை நிறைய இருக்கின்றன. எல்லாம் கலந்து கிடப்பதால் ஒரு பக்கம்கூட முடிக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நானும் இரண்டு வருடம் நின்றவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டிக்கரையும் ரிப்பனையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அவை எப்போது வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும். முதலில் அந்தப் பையைப் பிரித்து, டிக்கெட்டுகளையும் ரசீதுகளையும் தனியே எடுத்து வையுங்கள்.

என் மகளை முதல் முறையாகத் தியேட்டருக்கு அழைத்துப் போன அன்றைய டிக்கெட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். மூன்று வருடம் கழித்து அதற்கென்று பக்கம் செய்ய உட்கார்ந்தால், கையில் இருந்தது வெறும் வெள்ளைத் தாள். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது தெர்மல் தாள். அதில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசியிருப்பார்கள், அவ்வளவுதான். வெளிச்சம், சூடு, சிலவகை பிளாஸ்டிக் உறை எல்லாமே அந்த எழுத்தை அழித்துவிடும். ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்பாகக் கோடு விழுந்தால் அது தெர்மல் தாள்தான். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். பழைய ரயில் அட்டை டிக்கெட்டும், கண்டக்டர் கிழித்துக் கொடுத்த பஸ் டிக்கெட்டும் அச்சு மையில் அடித்தவை. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்தது செய்தித்தாள் துண்டுகள். ப்ளஸ் டூ தேர்வு முடிவு பேப்பரில் வந்த காலத்தில், தன் நம்பரைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார் என் கணவர். அதை ஒரு போட்டோவோடு சேர்த்தே மடித்து வைத்திருந்ததால், பேப்பர் மடிப்பு பட்ட இடமெல்லாம் போட்டோவிலும் பழுப்பேறிவிட்டது. செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்வது. அதில் ஊறும் அமிலம் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். ஆல்பத்தில் நகலை ஒட்டிவிட்டு, அசலைத் தனி உறையில் வைத்துவிடுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எதையும் விட்டுவைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும்.

ஒட்டும் பக்கங்கள் வைத்த பழைய ஆல்பம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பசை நாளாக ஆக இறுகிவிடும். நகத்தால் பிய்க்காதீர்கள், படம் கிழியும். இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு டென்டல் ஃபிளாஸ் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல் மெல்ல இழுங்கள். வந்தால் சரி. வராவிட்டால் அப்படியே விட்டுவிட்டு நகலை வைத்து வேலையைப் பாருங்கள்.

இனி ஒழுங்குபடுத்தும் விஷயம். தொடக்கத்தில் நான் வீடியோக்களைப் பார்த்து எல்லாவற்றையும் வகைவகையாகப் பிரித்தேன். ஸ்டிக்கருக்கு ஒரு டப்பா, ரிப்பனுக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று என்று ஒன்பது டப்பாக்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் செய்ய ஒன்பதையும் திறந்து ஹாலில் பரப்ப வேண்டும். ராத்திரி பாய் விரிக்கும் நேரம் வந்தால் எல்லாவற்றையும் அள்ளி மூட வேண்டும். இரண்டு வருடத்தில் நான் முடித்தது நான்கே பக்கம்.

பிறகு மாற்றிக்கொண்ட முறை இது: ஒரு பக்கத்துக்கு ஒரு கவர். ஏ4 தாள் மடிக்காமல் நுழையும் பழுப்புக் கவர் போதும். "பழனி, மொட்டை" என்று கவர் மேல் எழுதி, அந்தப் பக்கத்துக்கான போட்டோ, டிக்கெட் நகல், அழைப்புப் பத்திரிகை எல்லாவற்றையும் உள்ளே போடுங்கள். கூடவே அரைத்தாளில் யார், எங்கே, எப்போது, அன்று என்ன நடந்தது என்று நாலு வரி. அதன் பிறகுதான் டப்பாவைத் திறந்து, இரண்டு காகிதமும் ஒரு துண்டு ரிப்பனும் எடுத்து அதே கவரில் போட வேண்டும். இப்படிச் செய்துவிட்டால் வாரநாளில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு கவரைப் பிரித்து ஒரு பக்கத்தை முடித்துவிடலாம்.

அந்த அரைத்தாள்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். என் மாமியாரிடம் ஒரு கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தைக் காட்டி, "இது யாரு அத்தை, தூணுக்குப் பக்கத்துல?" என்று கேட்டேன். "அது எங்க அண்ணிம்மா. இந்தப் படம் எடுத்த மறு வருஷமே போயிட்டாங்க. அவங்களுக்குன்னு இருக்கறது இந்த ஒரு படந்தான்" என்றார். நான் கேட்டிருக்காவிட்டால் அவர் எங்கள் ஆல்பத்தில் பேரில்லாத ஒரு பெண்ணாக நின்றிருப்பார். வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். செல்போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள். பழைய படங்களின் பின்புறம் ஓரமாக மென்மையான பென்சிலால் பேரை எழுதலாம். வண்ணப் படங்களின் பின்புறம் வழவழவென்று இருக்கும், பென்சில் ஏறாது. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.

தேதி தெரியாவிட்டால் கல்யாணப் பத்திரிகை கைகொடுக்கும். எங்களிடம் இருந்த ஒன்றில் ஆங்கிலத் தேதி இருந்த மூலையை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. "பிரமோதூத வருடம் தை மாதம்" என்பது மட்டும் மிச்சம். பிரமோதூத 1990 சித்திரையில் தொடங்கிய வருடம். ஆக, தை என்றால் 1991. அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் அதே பெயர் திரும்ப வரும் என்பதால் குழப்பத்துக்கே இடமில்லை.

பசையில் சிக்கனம் பார்க்காதீர்கள். மைதாப் பசை அந்த ராமபாணத்துக்கே விருந்து. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய காகிதம் சுருங்கும். கெட்டி அட்டைக்கு மட்டும் அது சரி. செல்லோ டேப் சில வருடத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். அசல் போட்டோவுக்கு எந்தப் பசையும் வேண்டாம், படத்தின் நான்கு மூலையையும் செருகி வைக்கும் காகித மூலைகள் போதும். பசையோடு மல்லுக்கட்டுவது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. எழுத்தாளர் மார்க் ட்வைன், தண்ணீர் தொட்டு ஒட்டும்படி முன்பே பசை தடவிய ஸ்க்ராப்புக் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமையே வாங்கியிருக்கிறார்.

ஆல்பத்துக்கு 12க்கு 12 அங்குலம் பிரபலமான அளவு. நான் ஏ4 தான் சொல்வேன். காகிதம், உறை, ஃபைல், ஜெராக்ஸ் எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் வரிசையாக இருக்கும். பிளாஸ்டிக் உறை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது ரெக்சின் மாதிரி வாசனை தூக்கலாக அடித்தால் அது பிவிசி. நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள்.

கவர்களைப் பரணில் போடாதீர்கள், அங்கே சூடு அதிகம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும். நான் பீரோவின் நடுத்தட்டில் நிற்கவைத்திருக்கிறேன். ஓலைச்சுவடிக்கு வைத்ததுபோல வசம்பைத் துணியில் முடிந்து ஒரு ஓரத்தில் வைத்திருக்கிறேன், காகிதத்தில் படாமல்.

இப்போது என்னிடம் முப்பத்தொரு கவர்கள் இருக்கின்றன. அதில் பதினெட்டு பக்கமாகிவிட்டன. அத்தையின் அண்ணி கவரில் படம் இருக்கிறது, பேர் இருக்கிறது. எந்த ஊர்க் கல்யாணம் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரு சித்தப்பா கும்பகோணத்தில் இருக்கிறார். படத்தின் நகலை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் போகிறேன்.